நியூவார்க் பழம்பொருள் சந்தைக்குக் கார் இல்லாமல் போவோர் எந்த ஊரில் தங்குவது?

லண்டனில் இருக்கும் மகன் வீட்டுக்கு நீங்களும் உங்கள் மனைவியும் வருகிறீர்கள். இருவருக்கும் அறுபது வயது கடந்துவிட்டது. இங்கிலாந்தில் கார் ஓட்டும் எண்ணம் இல்லை. நியூவார்க்கில் நடக்கும் பெரிய பழம்பொருள் சந்தையை இரண்டு நாளும் பார்க்க ஆசை. லிங்கனில் அறை எடுப்பதா, நாட்டிங்ஹாமில் எடுப்பதா, அல்லது லண்டனிலிருந்தே காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த ஊர் பார்க்க அழகானது என்பது உங்கள் கேள்வியில் சிறு பகுதிதான் என்று நினைக்கிறேன். கார் இல்லாதவர் அந்தத் திடலுக்கு நேரத்தோடு போய்ச் சேர முடியுமா, வாங்கிய பொருளை உடையாமல் அறைக்குக் கொண்டுவர முடியுமா என்பதே நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது. இரண்டும் முடியும். என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நியூவார்க் ஊருக்குள்ளேயே, நார்த்கேட் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் தங்குங்கள். அங்கே அறை கிடைக்காவிட்டால் லிங்கன் அல்லது கிரான்தம். நாட்டிங்ஹாமை நான்காவதாகத்தான் வைப்பேன். லண்டனிலிருந்து ஒரே நாளில் போய்வருவது வெள்ளிக்கிழமை மட்டும் பார்க்க விரும்புவோருக்குப் பொருந்தும்.

நான் லண்டனின் தென்பகுதியில் குடியிருக்கிறேன். சிறு வெள்ளிச் சாமான்களை வாங்கி விற்பது என் தொழிலில் ஒரு பகுதி. ஓட்டுநர் உரிமம் எடுத்ததே இல்லை என்பதால் பதினாறு ஆண்டுகளாக, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, இந்தச் சந்தைக்கு ரயிலில்தான் போய்வருகிறேன். நீங்கள் சொன்ன எல்லா ஊர்களிலும் ஒரு முறையாவது தங்கியிருக்கிறேன்.

முதலில் சந்தை நடக்கும் இடத்தின் தன்மையைப் புரிந்துகொள்ள வேண்டும். ஊரைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள சிக்கல் எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. நாட்டிங்ஹாம்ஷயரில் ட்ரென்ட் ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் நியூவார்க். சந்தை ஊருக்குள் நடப்பதில்லை. ஊருக்கு வடகிழக்கே, வின்தோர்ப் கிராமத்தை ஒட்டி, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் விமானப்படைத் தளமாக இருந்த நிலத்தில் உள்ள ஷோகிரவுண்டில், அதாவது கண்காட்சித் திடலில் நடக்கிறது. ஏறத்தாழ 84 ஏக்கர் பரப்பு. நல்ல மாதங்களில் 2,000-க்கும் மேற்பட்ட கடைகள். வழக்கமாக ஆண்டுக்கு ஆறு முறை, வியாழன், வெள்ளி ஆகிய இரண்டு நாட்கள். ஏ-1, ஏ-46, ஏ-17 என்ற மூன்று பெருஞ்சாலைகள் அந்தத் திடலின் பக்கத்தில் வந்து கூடுகின்றன. ஸ்காட்லாந்திலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் பிரான்சிலிருந்தும் வேனில் அலமாரியையும் நாற்காலியையும் ஏற்றிக்கொண்டு வருகிற வியாபாரிக்கு இதைவிட வசதியான இடம் இருக்க முடியாது. ஆக, இது சாலையை நம்பி வளர்ந்த சந்தை. ரயிலில் வருகிற நாம் அதன் போக்குக்கு எதிர்த்திசையில் போகிறோம் என்பதை ஒப்புக்கொண்டுதான் திட்டம் போட வேண்டும்.

நியூவார்க்கில் இரண்டு ரயில் நிலையங்கள் உண்டு. வெளியூர்க்காரர்கள் இடறி விழுவது பெரும்பாலும் இங்கேதான். ஊரின் வடகிழக்கில் இருப்பது நார்த்கேட். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து வடக்கே எடின்பரோ வரை போகும் கிழக்குக் கடற்கரைப் பெருவழியில் உள்ள நிலையம். கிங்ஸ் கிராஸிலிருந்து இதற்கு ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி வரை ஆகும். ஊரின் மறுபக்கத்தில், ஆற்றுக்கு அப்பால் இருப்பது காசில் நிலையம். நாட்டிங்ஹாமுக்கும் லிங்கனுக்கும் இடையே ஓடும் ரயில்கள் நிற்பது இங்கே. இரண்டுக்கும் இடையே ஊரைக் குறுக்காகக் கடந்து நடந்தால் இருபது நிமிடம் ஆகும். கையில் சுமை இருந்தால் இன்னும் கூடும். திடல் இருக்கும் திசையில் இருப்பது நார்த்கேட். அங்கிருந்து திடலுக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கும். அந்த நான்கு கிலோமீட்டரை எப்படிக் கடக்கப் போகிறீர்கள் என்பதுதான் எந்த ஊரில் தங்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. லண்டனிலிருந்து வரும் இருநூறு கிலோமீட்டரைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதே இல்லை.

நடக்கலாமா என்று கேட்பீர்கள். நான் நடக்கச் சொல்லமாட்டேன். நடுவில் பெருஞ்சாலைகள் குறுக்கிடுகின்றன. சந்தை நாளில் வேன்களும் லாரிகளும் வரிசை கட்டி நிற்கும். திரும்பும்போது கையில் பொருள் இருக்கும். சந்தை நாட்களில் நார்த்கேட் நிலையத்துக்கும் திடலுக்கும் இடையே அமைப்பாளர்கள் பேருந்து விடுவது வழக்கம். நான் பல முறை அதில்தான் போயிருக்கிறேன். ஆனால் இது நகராட்சிப் பேருந்து போல என்றென்றைக்கும் ஓடும் சேவை அல்ல. ஒவ்வொரு சந்தைக்கும் தனியாக ஏற்பாடு செய்யப்படுவது. ஆகவே நீங்கள் போகும் மாதத்தில் அது உண்டா, முதல் வண்டி எத்தனை மணிக்கு, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று அமைப்பாளர்களிடமே கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் ரயில் சீட்டு வாங்க வேண்டும். கடைசி வண்டியின் நேரத்தை மறக்காமல் கேளுங்கள். காலையில் போவதற்கு எல்லோரும் திட்டமிடுகிறார்கள். மாலையில் நாற்பது பேர் ஒரே வண்டிக்காகக் கையில் மூட்டையோடு நிற்கும்போதுதான் திரும்பும் வழியைப் பற்றி யோசிக்கிறார்கள்.

டாக்சியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் சாலையில் கையைக் காட்டி நிறுத்தக்கூடிய டாக்சி வேறு, முன்கூட்டியே பதிவு செய்தால் மட்டும் வரக்கூடிய வாடகைக் கார் வேறு. பின்னதன் ஓட்டுநர் பதிவில்லாமல் வழியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். திடலின் வாசலில் நின்றுகொண்டு வருகிற காருக்கெல்லாம் கைகாட்டினால் ஒன்றும் நிற்காது. காலையில் நிலையத்தில் இறங்கி டாக்சி பிடித்தால், இறங்கும்போதே அந்த ஓட்டுநரிடம் மாலைக்கும் பேசி, வாசல் எண்ணையும் நேரத்தையும் குறித்துக் கொடுத்துவிடுங்கள். திடலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாசல்கள் இருப்பதால், "சந்தை வாசலில் நிற்கிறோம்" என்று சொன்னால் போதாது.

நாட்டிங்ஹாமைப் பின்னால் தள்ளியதற்குக் காரணம் என் சொந்த அனுபவம்தான். நான் சந்தைக்குப் போன முதல் ஆண்டில் அங்கேதான் தங்கினேன். பெரிய நகரம், அறை வாடகை குறைவு, ரயிலில் அரை மணி நேரம் என்று கணக்குப் போட்டிருந்தேன். காலையில் எல்லாம் சரியாகவே நடந்தது. மதியம் ஸ்டாஃபர்ட்ஷயரில் செய்த நீலமும் வெள்ளையுமான பெரிய இறைச்சித் தட்டு ஒன்றை வாங்கினேன். முக்கால் கை நீளம். ஒரு ஓரத்தில் சாறு வழிந்து சேரக் குழி. மரக்கிளை போல அதற்குள் இறங்கும் வாய்க்கால்கள். நடுவில் வில்லோ மரமும் பாலமும் இரண்டு பறவைகளும். வியாபாரி அதைப் பழைய செய்தித்தாளில் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார். எடை இரண்டு கிலோவுக்கு மேல். பேருந்தில் நார்த்கேட்டில் இறங்கி, ஊரைக் குறுக்காக நடந்து காசில் நிலையத்துக்குப் போக வேண்டும். சந்தைத் திடலில் ஆறு மணி நேரம் நடந்த கால்கள். பையின் கைப்பிடி விரலை அறுத்ததால் கைமாற்றிக் கைமாற்றி, ட்ரென்ட் ஆற்றுப் பாலத்தின் மேல் வரும்போது நாட்டிங்ஹாம் ரயில் கிளம்பும் சத்தம் கேட்டது. ஓட முயன்றதில் பை பாலத்தின் கைப்பிடியில் மோதியது. அறைக்குப் போய்ப் பிரித்துப் பார்த்தபோது, குழியிலிருந்து விளிம்பு வரை தலைமுடி போன்ற ஒரு விரிசல். விரலால் சுண்டினால் மணி போல ஒலித்த தட்டு, ஓட்டைப் பானை போலச் சத்தமிட்டது. இரண்டு நிலையங்களுக்கு நடுவே உள்ள அந்த இருபது நிமிடத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை, தவறு அவ்வளவுதான். நாட்டிங்ஹாம் நல்ல நகரம், உணவுக்கும் குறைவில்லை. ஆனால் அங்கிருந்து நேராக வரும் ரயில் உங்களைத் திடலுக்கு எதிர்ப்புறத்தில் இறக்கிவிடுகிறது. மற்ற மூன்று ஊர்களிலும் அறை இல்லை என்றால் தங்குங்கள். காசில் நிலையத்திலிருந்து திடலுக்கு நேராக டாக்சிக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

நியூவார்க்கிலேயே தங்குவதன் பெரிய நன்மை, நடுப்பகலில் அறைக்குத் திரும்பி வர முடிவது. பத்து மணிக்குள் கை நிறைந்துவிட்டால், பொருளைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அரை மணி நேரம் காலை நீட்டிப் படுத்துவிட்டு மறுபடியும் போகலாம். வயதானவர்களுக்கு இது சிறிய விஷயம் அல்ல. ஊரும் பார்க்கத் தக்கதே. கல் பாவிய சந்தைச் சதுக்கம், ஏறத்தாழ 72 மீட்டர் உயரக் கோபுரத்தோடு நிற்கும் மகதலேனா மரியாள் தேவாலயம், 1216-ல் ஜான் மன்னர் உயிர்விட்ட கோட்டையின் இடிபாடு, 2015-ல் திறந்த உள்நாட்டுப் போர் அருங்காட்சியகம் ஆகியவை எல்லாம் கால்மணி நடைக்குள் அடங்கிவிடும். தேவாலயக் கோபுரம் ஊரின் எந்த மூலையிலிருந்தும் தெரிவதால் வழி தவறுவது கடினம். குறை என்னவென்றால், ஊர் சிறியது, அறைகள் குறைவு. சந்தைக்கு வரும் வியாபாரிகளில் பலர் இந்தச் சந்தை முடிந்து கிளம்பும்போதே அடுத்த சந்தைக்கும் அதே அறையைச் சொல்லி வைத்துவிட்டுப் போகிறார்கள். ஆகவே நான்கைந்து மாதம் முன்னாலேயே பதிவு செய்யுங்கள். வியாழன் இரவை மட்டும் எடுக்காமல் புதன் இரவையும் சேர்த்து எடுங்கள். அறை தேடும்போது ஊர்ப் பெயரை மட்டும் போட்டால் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இருக்கும் நியூவார்க் முதலில் வரும். ஆற்றின் பெயரையும் சேர்த்து நியூவார்க்-ஆன்-ட்ரென்ட் என்று தேடி, மாவட்டம் நாட்டிங்ஹாம்ஷயர்தானா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் பணத்தைக் கட்டிய பிறகுதான் இதைக் கவனித்தார்.

உங்கள் மனைவிக்குப் பழம்பொருளில் உங்களுக்கு இருக்கும் அளவு ஈடுபாடு இல்லை என்றால், லிங்கன் இருவருக்கும் பொருந்தும். 1092-ல் முதன்முதலாக அர்ப்பணிக்கப்பட்ட பேராலயம் மலை உச்சியில் நிற்கிறது. எதிரே இருக்கும் கோட்டைக்குள் மன்னரின் அதிகாரத்துக்கு எல்லை வகுத்த 1215-ஆம் ஆண்டுச் சாசனமான மாக்னா கார்ட்டாவின் எஞ்சியிருக்கும் நான்கு மூலப் பிரதிகளில் ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் போகும் செங்குத்துத் தெருவில் பழைய புத்தகக் கடைகளும் சிறு கடைகளும் வரிசையாக இருக்கின்றன. ஒருவர் சந்தைக்குப் போக, மற்றவர் நாள் முழுவதும் சலிப்பில்லாமல் ஊரைச் சுற்றலாம். ரயிலில் நியூவார்க்குக்கு அரை மணிக்கும் குறைவு. ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். லிங்கனிலிருந்து கிளம்பும் ரயில்களில் சில நார்த்கேட்டுக்கும் சில காசில் நிலையத்துக்கும் போகின்றன. சீட்டில் நியூவார்க் என்று இருப்பதை மட்டும் பார்த்து ஏறிவிடாமல், நார்த்கேட் போகும் வண்டியாகத் தேர்ந்தெடுங்கள். லண்டனுக்கு நேராகப் போகும் வண்டிகள் நார்த்கேட் வழியாகத்தான் போகின்றன. காசில் நிலையத்துக்குப் போகும் வண்டி, ஊருக்கு வெளியே பெருவழிப் பாதையைச் சமதளத்திலேயே குறுக்காக வெட்டிக் கடக்கிறது. பிரிட்டனில் இப்படிப்பட்ட குறுக்குச் சந்தி மிக அரிது. எடின்பரோ வண்டி கடந்து போகும்வரை சிறிய வண்டி சில சமயம் ஒதுங்கி நிற்கும். பிறகு அந்த இடத்தைத் தாண்டும்போது சக்கரங்கள் தடதடவென்று தனியாக ஒலிக்கும். எனக்குப் பிடித்த சத்தம் அது. இரண்டாவது எச்சரிக்கை மலையைப் பற்றியது. படங்களில் அழகாகத் தெரியும் விடுதிகள் பேராலயத்தை ஒட்டி மேலே இருக்கின்றன. ரயில் நிலையம் அடிவாரத்தில். மாலையில் பீங்கானைச் சுமந்துகொண்டு அந்தச் செங்குத்துத் தெருவில் ஏறுவது முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஆகாது. கீழே, நிலையத்தை ஒட்டி அல்லது பிரேஃபோர்ட் குளத்தைச் சுற்றி அறை எடுங்கள். லிங்கனுக்கு வடக்கே ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டரில் இருக்கும் லிங்கன்ஷயர் ஷோகிரவுண்டிலும் பழம்பொருள் சந்தை நடப்பதுண்டு. நியூவார்க் சந்தையின் அதே வாரத்தில் ஓரிரு நாள் முன்னதாக அது அமைந்த ஆண்டுகள் பல. நீங்கள் வரும் வாரத்திலும் அப்படி அமைந்தால், லிங்கனில் தங்குவதற்கு இன்னொரு காரணம் கிடைத்துவிடும்.

கிரான்தம் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். லண்டனிலிருந்து வரும் அதே பெருவழியில் நார்த்கேட்டுக்கு முந்தைய நிலையம். பத்துப் பதினைந்து நிமிடப் பயணம். இறங்குவது நேராக நார்த்கேட்டில். நிலையக் குழப்பம் இல்லை, மலையும் இல்லை. நியூட்டன் படித்த பள்ளி அங்கே இருக்கிறது. அதைத் தவிர மாலைப் பொழுதைப் போக்க அதிகம் இல்லை. தூங்கி எழுந்து போக நல்ல ஊர்.

லண்டனிலிருந்து ஒரே நாளில் போய்வருவது நடக்காத காரியம் அல்ல. நானே எத்தனையோ முறை செய்திருக்கிறேன். ஆனால் வியாழக்கிழமை காலைதான் இந்தச் சந்தையின் உயிர். வியாபாரிகள் ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்வதும், நல்ல பொருள் கைமாறுவதும் முதல் இரண்டு மணி நேரத்திலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். அந்த நேரத்துக்குத் திடலில் இருக்க வேண்டுமானால் விடியலுக்கு முன்னால் மகன் வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். வேலை நாளின் காலை நேரக் கட்டணமும் அதிகம். வெள்ளிக்கிழமையின் குணம் வேறு. நுழைவுக் கட்டணம் வியாழனைவிட மிகவும் குறைவு; கூட்டமும் குறைவு; மதியம் நெருங்கும்போது, விற்காத பொருளைத் திரும்ப வேனில் ஏற்ற மனமில்லாத வியாபாரி விலையைத் தானாகவே குறைப்பார். "கடைசி விலை என்ன?" என்று மரியாதையாக ஒருமுறை கேட்டால் போதும், நம் ஊர்ச் சந்தையைப் போல நான்கு முறை பேரம் பேசுவது இங்கே வழக்கமில்லை. பத்து மணிக்குத் திடலில் இருந்தாலே வெள்ளிக்கிழமையின் பலன் முழுவதும் கிடைத்துவிடும் என்பதால், அதற்கு லண்டன் பயணம் ஒத்துவரும். இரண்டு நாளும் போகிறவர்கள் தினமும் லண்டன் போய்வருவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன்.

ரயில் சீட்டில் ஒரு நுணுக்கம். இருவர் சேர்ந்து பயணம் செய்வோருக்கான தள்ளுபடி அட்டையை வேலை நாட்களில் காலை 9.30-க்கு முன்னால் பயன்படுத்த முடியாது. சந்தையோ வேலை நாளில் நடப்பது. அறுபது வயது கடந்தவர்களுக்கான சீனியர் ரயில்கார்டு உங்களுக்கு அதிகம் உதவும். கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். லண்டனிலிருந்து புதன்கிழமை போவதற்கு, குறிப்பிட்ட வண்டிக்கு மட்டும் செல்லும் மலிவான முன்பதிவுச் சீட்டை வாங்கலாம். வெள்ளி மாலை திரும்புவதற்கு அப்படி வாங்கினால், சந்தை முடிவதற்கும் வண்டிக்கும் இடையே குறைந்தது இரண்டரை மணி நேரமாவது விடுங்கள். திடலிலிருந்து வெளியே வரும் சாலை அடைத்துக்கொண்டால் பேருந்தும் சேர்ந்துதான் நிற்கும். குறித்த வண்டியைத் தவறவிட்டால் அந்தச் சீட்டு வீணாகிவிடும்.

எதை வாங்குவது என்பது உங்கள் விருப்பம். ஆனால் காரில்லாதவர் வாங்கும் பொருளும் தங்கும் ஊரும் ஒன்றோடொன்று பிணைந்தவை. சிறு வெள்ளியில் ஈடுபாடு உண்டு என்று எழுதியிருந்தீர்கள். ரயில் பயணிக்கு அதைவிட நல்ல சரக்கு இல்லை. ஒரு விக்டோரியா காலத் தேக்கரண்டி இருபது கிராம் இருக்கும். ஆறு சேர்ந்தாலும் சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். கையில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் சிறு டார்ச்சும் வைத்துக்கொண்டு, கரண்டிக் காம்பின் பின்புறத்தைச் சாய்வாக வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அங்கே பொறித்த சிறு முத்திரைகளில் நடக்கும் சிங்கம் இருந்தால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. நங்கூரம் இருந்தால் பர்மிங்ஹாமில் முத்திரை இடப்பட்டது. சிறுத்தைத் தலை லண்டனுக்கு உரியது. 1974 வரை ஷெஃபீல்டுக்குக் கிரீடம், அதன் பிறகு ரோஜா. அரசர் அல்லது அரசியின் தலை கூடுதலாக இருந்தால் 1784-க்கும் 1890-க்கும் இடையில் வரி கட்டிய பொருள். ஆண்டைக் குறிக்கும் எழுத்து தேய்ந்திருந்தாலும் இந்தத் தலை ஒன்றே நூற்றாண்டைக் காட்டிக் கொடுத்துவிடும். டீபாட் வாங்குவதாக இருந்தால் கைப்பிடி சேரும் இடத்தில் உள்ள வெள்ளை வளையங்களைக் கவனியுங்கள். அவை பெரும்பாலும் தந்தம். 2018-ஆம் ஆண்டு தந்தச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த பிறகு, 1947-க்கு முன் செய்யப்பட்டு, பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தந்தம் உள்ள பொருளைக்கூட விற்பவர் பதிவு செய்த பின்தான் விற்க முடியும். எல்லை தாண்டி எடுத்துப் போவது அதைவிடச் சிக்கல். இந்தியாவுக்குத் திரும்புகிற நீங்கள் அதைத் தொடாமலிருப்பதே நல்லது. கனமான பீங்கானை வாங்கியே தீருவது என்றால், லண்டனிலிருந்தே பபுள் ராப்பும் அகலமான டேப்பும் கொண்டுவந்து, அன்று மாலையே அறையில் நன்றாகக் கட்டி, மறுநாள் நியூவார்க் அஞ்சலகத்திலிருந்து மகன் முகவரிக்கு அனுப்பிவிடலாம். ராயல் மெயில் 20 கிலோ வரை எடுத்துக்கொள்ளும். ஊருக்குள் தங்கினால்தான் இது எளிது.

காலம் எதுவானாலும் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸோ, நீர் புகாத கனமான காலணியோ வேண்டும். திடலில் பாதி புல்தரை. ஒரு நாள் மழை பெய்தாலும் ஆயிரக்கணக்கான சக்கரங்கள் ஏறி அது சேறாகிவிடும். சிறு சக்கரம் வைத்த விமானப் பயணப் பெட்டியை இழுத்துப் போனால் அச்சு வரை மண்ணில் புதையும். அங்கே பலர் வைத்திருப்பது பெரிய சக்கரம் கொண்ட மடக்கு வண்டி. டிசம்பர் சந்தையில் காலை எட்டு மணிக்குத்தான் சூரியன் வரும், மாலை நான்குக்குள் இருட்டிவிடும். முதல் முறை வருபவர்களுக்கு ஜூனும் ஆகஸ்டும் ஏற்றவை. திடலுக்குப் பக்கத்திலேயே விமான அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. வல்கன் குண்டுவீச்சு விமானம் ஒன்றை அங்கே பக்கத்தில் நின்று பார்க்கலாம். சந்தை சலித்துப்போன துணைவருக்கு இரண்டு மணி நேரம் அங்கே போய்விடும்.

நான் சொன்னவற்றில் எது நிலையானது, எது மாறக்கூடியது என்று பிரித்துச் சொல்வது கடமை. நிலையங்கள் இருக்கும் இடம், திடலின் தூரம், பயண நேரம், லிங்கன் மலை ஆகியவை மாறப்போவதில்லை. இவற்றை நம்பி ஊரைத் தேர்ந்தெடுக்கலாம். சந்தைத் தேதி, திறக்கும் நேரம், நுழைவுக் கட்டணம், நிலையத்துக்கு வரும் பேருந்து ஆகிய நான்கும் சந்தைக்குச் சந்தை மாறக்கூடியவை. வியாழன் சீட்டே வெள்ளிக்கும் செல்லும் என்ற ஏற்பாட்டையும் இந்த நான்கோடு சேர்த்தே விசாரியுங்கள். அறை வாடகையைப் பற்றி எண் எதுவும் நான் எழுதாததற்குக் காரணம், சந்தை வாரத்தில் அது மற்ற வாரங்களைப் போல இருப்பதில்லை என்பதுதான். ஆகவே தேதியை உறுதி செய்துகொண்டு முதலில் அறையைப் பிடியுங்கள். பேருந்தைப் பற்றிய பதில் வந்த பிறகு ரயில் சீட்டு வாங்குங்கள். சந்தைச் சீட்டைக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம்.

ஒருவேளை நீங்கள் லண்டனில் இருக்கும் மாதங்களில் நியூவார்க் தேதி ஒத்துவராமல் போனால், கெம்ப்டன் பார்க் குதிரைப் பந்தயத் திடலில் மாதத்தின் இரண்டாம் செவ்வாயும் கடைசிச் செவ்வாயும் அதிகாலை முதல் நடக்கும் சந்தைக்குப் போங்கள். நியூவார்க்கை விடப் பல மடங்கு சிறியது. ஆனால் நுழைவு இலவசம், வெள்ளிச் சாமான் தாராளமாகக் கிடைக்கும், அங்கே தங்க ஊர் தேட வேண்டியதும் இல்லை. வாட்டர்லூவிலிருந்து முக்கால் மணி நேரத்தில், திடலின் பெயரையே கொண்ட நிலையத்தில் இறங்கினால், வாசல் அங்கேயே இருக்கிறது.